யாரோ பார்த்திருப்பார்

லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேரும் பையன் முதல் வாரத்திலேயே காட்டர் பின்னைக் கையாளக் கற்றுக்கொண்டுவிடுவான். நடுவில் மடிக்கப்பட்ட கம்பித் துண்டு, அவ்வளவுதான். போல்ட்டின் முனையில் இருக்கும் துளைக்குள் அதை நுழைத்து, வெளியே வரும் இரண்டு கால்களையும் ஆளுக்கொரு பக்கமாக வளைத்துவிட்டால் போதும். நட் தளர்ந்தாலும் கழன்று விழாது. விமானங்களுக்கென்று செய்யப்படும் பின் கொஞ்சம் விலை கூடுதல். ஆனாலும் ஒரு ஹெலிகாப்டரில் இருக்கும் ஆயிரக்கணக்கான பாகங்களை விலைவாரியாக அடுக்கினால், பட்டியலின் அடியில் கிடப்பது இதுவாகத்தான் இருக்கும்.

2011 டிசம்பர் 7 மாலை, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலிருந்து ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் கிளம்பியது. ஹூவர் அணையையும் பாலைவன மலைகளையும் அந்தி வெளிச்சத்தில் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். பிரெஞ்சுத் தயாரிப்பான ஏ.எஸ்.350 ரகம். பைலட்டும் நான்கு பயணிகளும் இருந்தார்கள். கிளம்பிச் சில நிமிடங்கள் வரை ரேடார் திரையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. திடீரென்று ஹெலிகாப்டர் சுமார் 600 அடி மேலே ஏறியது. போகவேண்டிய திசையை விட்டு இடப்பக்கம் திரும்பியது. பிறகு வேகமாக இறங்கி, நகருக்குக் கிழக்கே இருபது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மலை இடுக்கில் விழுந்து எரிந்தது. ஐந்து பேரும் இறந்தார்கள்.

பைலட் தன்னிஷ்டத்துக்குச் செய்த சாகசம் போலத்தான் அந்த ரேடார் கோடு தெரிந்தது. எரிந்த சிதைவுகளை அலசிய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் புலனாய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். இந்த ரக ஹெலிகாப்டரில் பிரதான ரோட்டரைச் சாய்த்துக் கொடுப்பவை மூன்று ஹைட்ராலிக் சர்வோக்கள். பைலட் பிடித்திருக்கும் கோலின் அசைவை ஒரு தண்டு சர்வோவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தண்டையும் சர்வோவையும் இணைப்பது ஒரு போல்ட், அதன் மேல் ஒரு நட், நட்டுக்குக் காவலாக ஒரு காட்டர் பின். முன்பின் அசைவுக்கான சர்வோவில் அந்த இணைப்பு விட்டுப்போயிருந்தது. பைலட்டின் கையில் கோல் இருந்தது. அது ரோட்டரோடு பேசவில்லை.

முந்தைய நாள்தான் அந்த ஹெலிகாப்டருக்கு 100 மணி நேரப் பராமரிப்பு நடந்திருந்தது. அந்த சர்வோவும் அப்போது மாற்றப்பட்டது. தானே பிடித்துக்கொள்ளும் வகை நட் அது. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் அதன் பிடிப்பு கொஞ்சம் தேயும். விரலால் சுழற்றினாலே ஓடுகிற அளவுக்குத் தேய்ந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டும் என்பது விதி. தேய்ந்த பழைய நட்டே மீண்டும் மாட்டப்பட்டிருந்தது. காட்டர் பின் சரியாகப் பொருத்தப்படவில்லை, அல்லது பொருத்தப்படவே இல்லை. இந்த முடிவுக்குத்தான் வாரியம் வந்தது.

இந்த விபத்தில் கவனிக்க வேண்டியது பின் அல்ல. அந்தப் பின்னைப் பார்ப்பதற்கென்றே நின்றிருந்த கண்களின் எண்ணிக்கை. வேலை செய்த மெக்கானிக், அவர் வேலையைச் சரிபார்த்த ஆய்வாளர், மறுநாள் காலை சோதனைப் பறப்பு நடத்தியவர், பயணிகளோடு கிளம்பிய பைலட். மெக்கானிக் வழக்கமான நேரத்தைவிட முன்னதாகவே வேலைக்கு வந்திருந்தார். உடம்பு அந்த நேரத்துக்குப் பழகவில்லை. ஆய்வாளருக்கும் அதே நிலைமை, கூடவே நீண்ட ஷிஃப்ட். வேலையை எந்தெந்தப் படியாகச் செய்து எந்தெந்த இடத்தில் கையெழுத்துப் போடுவது என்பதும் தெளிவாகப் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. ஒருவர் விட்டதை அடுத்தவர் பிடிப்பார் என்று அடுக்கிய வேலிதான். ஆனால் கல்யாண வீட்டில் பாயசத்துக்குச் சர்க்கரை போட்டாயிற்றா என்ற கேள்விக்கு நாலு பேரும் நாலு பக்கம் கை காட்டுவதுபோல, ஆள் கூடக்கூட ‘யாரோ பார்த்திருப்பார்’ என்ற நம்பிக்கையும் கூடிவிடும்.

இந்த நம்பிக்கை மற்ற வாகனங்களிலும் உண்டு. ஹெலிகாப்டர் மட்டும் அதற்கு ஏன் இவ்வளவு கடுமையாகத் தண்டிக்கிறது?

விமானத்தின் இறக்கை சும்மா இருக்கும். காற்று அதன் மேல் ஓடும். ஹெலிகாப்டரின் இறக்கையே சுற்ற வேண்டும். ஏ.எஸ்.350 ரகத்தின் பிரதான ரோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 390 முறை சுற்றுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 23,400 சுற்று. ஒரு 100 மணி நேரப் பராமரிப்பிலிருந்து அடுத்த பராமரிப்பு வருவதற்குள் 23 லட்சத்தைத் தாண்டிவிடும். முன்னோக்கிப் பறக்கும்போது ஒரு பக்கம் போகும் பிளேடு காற்றை எதிர்த்துப் போகிறது, மறுபக்கம் திரும்பும் பிளேடு காற்றோடு போகிறது. எனவே ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பிளேடின் மீதும் பாரம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் தண்டுகள், பேரிங்குகள், நட்டுகள் எல்லாவற்றுக்கும் அதிர்வாகப் போய்ச் சேரும். தளர்வதற்கு இடம் தேடும் நட்டுக்கு இதைவிட நல்ல வசதி கிடைக்காது. விமானத்தில் ஓர் எஞ்சினோ இறக்கை மடிப்போ பழுதானால் இன்னொன்றை வைத்துச் சமாளிக்க வழியுண்டு. ஹெலிகாப்டரில் ரோட்டரைப் பிடித்திருக்கும் சில பாகங்களுக்கு மாற்று ஏற்பாடே கிடையாது. ரோட்டரை அச்சோடு பிணைக்கும் பெரிய நட்டுக்கு வியட்நாம் போர்க்கால அமெரிக்க வீரர்கள் ‘ஏசு நட்’ என்று பெயர் வைத்தார்கள். அது கழன்றால் கூப்பிடுவதற்கு அவர் ஒருவர்தான் மிச்சம் என்ற கணக்கு.

அதனால்தான் பைலட் ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் ஹெலிகாப்டரை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல இருக்கும். கிட்டத்தில் போனால் அது வாசிப்பு என்று புரியும்.

முதலில் எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பிடிப்பார். தண்ணீர் எரிபொருளைவிடக் கனமானது, எனவே கலந்திருந்தால் அடியில் தங்கி, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். இதில் ஒரு பொறி உண்டு. குடுவை முழுக்கத் தண்ணீராகவே வந்துவிட்டால் கோடே தெரியாது. பளிங்குபோலச் சுத்தமாக இருக்கும். கோட்டைத் தேடும் கண் ‘கோடு இல்லை, நல்லது’ என்று சொல்லிவிடும். பிஸ்டன் எஞ்சின்களுக்கான பெட்ரோலில் நீலச் சாயம் சேர்த்திருப்பதால் அங்கே தப்பித்துக்கொள்ளலாம். ஜெட் எரிபொருள் ஏறக்குறைய நிறமற்றது. முகர்ந்து பார்க்க வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து நட்டுகளின் மீது இழுத்திருக்கும் வண்ணக் கோடுகள். முக்கியமான நட்டை முறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் அது உட்கார்ந்திருக்கும் பாகத்தின் மேலும் சேர்த்து ஒரே இழுப்பாக ஒரு கோடு போட்டுவைப்பார்கள். நட் மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து, இரண்டு துண்டும் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். அளவுகோலும் வேண்டாம், ஸ்பேனரும் வேண்டாம். எண்ணெய் மட்டத்தைக் காட்டும் சின்னக் கண்ணாடிச் சன்னல், வால் ரோட்டர் பிளேடில் கீறல், தண்டுகளின் முனைகளில் ஆட்டம், மூடிகளின் தாழ்ப்பாள் என்று சுற்று நீளும். சில ரகங்களில் பிளேடின் தோல் உள்ளே ஒட்டு விட்டிருக்கிறதா என்று காசால் தட்டிப் பார்ப்பதும் முறையான சோதனையே. ஒட்டியிருக்கும் இடத்தில் ஒலி கணீரென்று வரும். விட்ட இடத்தில் மொத்தென்று அடங்கும். மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குபவருக்கு இந்த இயற்பியலைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டிவைத்த கயிறுகளும் இருக்கின்றன. காற்றில் பிளேடு ஆடாமல் இருக்கக் கட்டிய பட்டை, காற்று வேகம் அளக்கும் குழாயின் உறை, எஞ்சின் வாயின் மூடி. எல்லாவற்றிலும் ‘பறக்கும் முன் அகற்று’ என்று எழுதிய சிவப்பு நாடா தொங்கும். ஹெலிகாப்டரின் கால் ஒன்றைத் தரையோடு கட்டிய கயிறு அவிழ்க்கப்படாமல் போனால் நடப்பது விசித்திரமானது. ஹெலிகாப்டர் மேலே போவதற்குப் பதில் கட்டிய காலை அச்சாக வைத்துக்கொண்டு பக்கவாட்டில் புரளத் தொடங்கும். சாய்வு 5 முதல் 8 டிகிரியைத் தாண்டினால் கோலை எதிர்ப்பக்கம் முழுக்கத் தள்ளினாலும் மீட்க முடியாது. காரணம், சாய்ந்த ரோட்டர் தன் முழு வலுவாலும் அதே பக்கம் இழுக்கிறது. தப்ப ஒரே வழி தூக்குவிசையை உடனே குறைப்பது. ஆபத்து என்றதும் மேலே எழும்பிவிடத் துடிக்கும் கை அதற்கு நேர்மாறாகத்தான் செய்யும். தரையை விட்டு ஓர் அடிகூட எழாமல், சில நொடிகளில் ஒரு ஹெலிகாப்டர் உருக்குலைந்துவிடும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் தவறுகிறது என்பதற்கு மிகத் துல்லியமான பாடம் மிசௌரி மாநிலத்தில் இருக்கிறது.

2011 ஆகஸ்ட் 26. செயின்ட் ஜோசப் நகரின் தளத்திலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் கிளம்புகிறது. இதுவும் ஏ.எஸ்.350 தான். பெத்தனி என்ற சிற்றூர் மருத்துவமனையில் இருக்கும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு லிபர்ட்டி நகரின் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். பைலட்டுடன் ஒரு நர்ஸ், ஒரு பாராமெடிக். கிளம்பும்போது பைலட் கட்டுப்பாட்டு மையத்துக்கு வானொலியில் சொன்னது: இரண்டு மணி நேர எரிபொருள் இருக்கிறது.

இல்லை. வழக்கமாக நிரப்பி வைத்திருக்கும் அளவு அன்று தொட்டியில் இல்லை. வழக்கமான எண்ணை வாய் சொல்லிவிட்டது. காட்டியில் இருந்த எண்ணைக் கண் எடுத்துக்கொள்ளவில்லை. காலைச் சோதனையில் ஒருமுறை, கிளம்பும் முன் பட்டியலில் ஒருமுறை, எஞ்சின் ஓடும்போது முன்னாலேயே இருக்கும் காட்டியில் என்று பார்க்க வாய்ப்புகள் இருந்தன. நிறுவனத்தின் நடைமுறைகளைப் பின்பற்றியிருந்தால் தளத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே தெரிந்திருக்கும் என்றது புலனாய்வு.

பெத்தனியில் இறங்கிய பிறகு அவருக்கு உண்மை தெரிந்துவிட்டது. கையிருப்பு தான் நினைத்ததைவிட மிகக் குறைவு என்று மையத்திடமே சொன்னார். இப்போது எரிபொருளை வரவழைத்து அங்கேயே காத்திருந்திருக்கலாம். ஆனால் நோயாளி தயாராக இருந்தார். போகிற வழியில் மோஸ்பி என்ற ஊரின் சிறிய விமான நிலையத்தில் ஜெட் எரிபொருள் கிடைக்கும் என்று தெரிந்தது. அதுவரை போய்விடலாம் என்று கணக்குப் போட்டார். பகல் பறப்பில் சேருமிடத்தை அடைந்த பிறகும் இன்னும் 20 நிமிடத்துக்கான எரிபொருள் கையில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அந்த மீதி இல்லாமலேயே, நோயாளியையும் ஏற்றிக்கொண்டு நான்கு பேராகக் கிளம்பினார்கள். மோஸ்பி ஓடுபாதைக்குச் சுமார் ஒரு மைல் தொலைவில் எஞ்சின் நின்றது.

எஞ்சின் நின்ற ஹெலிகாப்டர் கல்போல விழுந்தாக வேண்டியதில்லை. பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடும் குழந்தைக்கு எஞ்சின் எதற்கு? காற்றே சுற்றிவிடும். அதுபோல, பைலட் பிளேடுகளின் கோணத்தை உடனே குறைத்தால், இறங்கும் வேகத்தில் கீழிருந்து மேலே வரும் காற்று ரோட்டரைச் சுழலவைக்கும். அந்தச் சுழற்சியைச் சேமித்துத் தரையருகே செலவழித்து இறங்கலாம். ஆட்டோரொட்டேஷன் என்று இதற்குப் பெயர். ஒவ்வொரு ஹெலிகாப்டர் பைலட்டும் இதைப் பழகித்தான் உரிமம் வாங்குகிறார். ஆனால் பழகுவது பெரும்பாலும் மெதுவான வேகத்தில், பயிற்சியாளர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு. முழுப் பயண வேகத்தில் எஞ்சின் நின்றால் இந்த ரகத்தின் மூக்கு கீழே சாயும். கோணத்தைக் குறைக்கும் அதே கணத்தில் கோலையும் பின்னால் இழுக்க வேண்டும். யோசிக்க நேரமில்லை. அப்படி ஒரு நிலைமையில் அந்தப் பைலட்டுக்குப் பயிற்சி தரப்பட்டிருக்கவில்லை என்பதையும் வாரியம் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. நால்வரும் இறந்தார்கள்.

அன்று முழுவதும் பைலட் கைபேசியில் தனிப்பட்ட குறுஞ்செய்திகள் அனுப்பிக்கொண்டும் பெற்றுக்கொண்டும் இருந்திருக்கிறார். தரையில் ஹெலிகாப்டரைத் தயார் செய்யவேண்டிய நேரத்திலும், பறக்கும்போதும்கூட. எஞ்சின் நின்ற கணத்தில் அவர் கைபேசியைப் பார்க்கவில்லை. எனவே ‘செய்தி அனுப்பியதால் விழுந்தார்’ என்று தலைப்புப் போட முடியாது. விஷயம் அதைவிட நுட்பமானது. சோதனை என்பது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மணி. நடுவில் ஒருவர் கூப்பிட்டாலோ கைபேசி துடித்தாலோ, திரும்பி வரும் மனம் விட்ட மணியிலிருந்து தொடங்குவதில்லை. அடுத்த மணியிலிருந்து தொடங்கிவிடுகிறது. விட்டுப்போனது மனதுக்குத் தெரியவே தெரியாது. போதாததற்கு முந்தைய இரவின் குறைந்த தூக்கமும் சேர்ந்துகொண்டது.

மனம் இப்படி ஏமாற்றுவதை நாசா ஆய்வாளர்கள் விமானி அறைக்குள் உட்கார்ந்தே கணக்கெடுத்திருக்கிறார்கள். 2010இல் வெளியான டிஸ்மூக்ஸ், பெர்மன் இருவரின் ஆய்வு 60 பயணிகள் விமானப் பயணங்களைக் கவனித்தது. விமானிகள் நடைமுறையிலிருந்து விலகிய இடங்கள் 899. அவற்றில் 194 சோதனைப் பட்டியலைச் சார்ந்தவை. பட்டியலைத் தூக்கிப்போட்டவர்கள் குறைவு. ‘சரி’ என்று பதில் சொல்லியும் கண் அங்கே போகாமல் விட்டவர்களும், பாதியில் இடைஞ்சல் வந்து மீதியை முடிக்காதவர்களும்தான் அதிகம் பேசப்படுகிறார்கள். ஆயிரம் முறை பார்த்து ஆயிரம் முறையும் சரியாக இருந்த சுவிட்சை ஆயிரத்தோராவது முறை கண் பார்ப்பதில்லை, நினைவு பார்க்கிறது.

சோதனைப் பட்டியல் என்ற பொருளே ஒரு மறதிக்குப் பிறந்த பிள்ளைதான். 1935 அக்டோபர் 30, ஒஹையோ மாநிலத்தின் ரைட் ஃபீல்டில் போயிங் நிறுவனத்தின் மாடல் 299 குண்டுவீச்சு விமானம் சோதனைக்காக எழும்பியது. தரையில் நிற்கும்போது காற்றில் வால் துடுப்புகள் அடிபடாமல் இருக்கப் போடும் பூட்டு எடுக்கப்படவில்லை. விமானம் செங்குத்தாக ஏறி விழுந்தது. இரண்டு அனுபவசாலி விமானிகள் உயிர்விட்டனர். அதன்பிறகு வந்ததுதான் அட்டையில் எழுதிய பட்டியல். ஏறத்தாழ 79 ஆண்டுகள் கழித்து, 2014 மே 31 அன்று, மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் அதே வகைப் பூட்டோடு ஓடுபாதையில் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தனர். அந்த விமானத்தின் பதிவுக் கருவியைப் புரட்டியபோது, அதற்கு முந்தைய 175 பறப்புகளில் 98 சதவீதத்தில் கட்டுப்பாட்டுச் சோதனை முழுதாகச் செய்யப்படவில்லை என்று தெரிந்தது. பட்டியல் இருந்தது. 79 ஆண்டுகளாக இருந்தது. இவை இறக்கை விமானங்களின் கதைகள், உண்மைதான். ஆனால் பட்டியலை வாசிக்கும் மூளை ஒன்றே.

மோஸ்பி பைலட்டின் தொட்டியில் எரிபொருள் இல்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2013 நவம்பர் 29 இரவு கிளூத்தா என்ற மதுவிடுதியின் கூரை மேல் விழுந்த போலீஸ் ஹெலிகாப்டரின் தொட்டியிலோ 76 கிலோ எரிபொருள் மிச்சம் இருந்தது. இரண்டு எஞ்சின்களும் நின்றுபோனது எரிபொருள் கிடைக்காமல்தான். பிரதான தொட்டியிலிருந்து எஞ்சின்களுக்கு ஊட்டும் சிறிய தொட்டிகளுக்கு எரிபொருளைத் தள்ளும் இரண்டு பம்புகளும் அணைக்கப்பட்டிருந்தன. வீட்டுக் கிணற்றில் தண்ணீர் தளும்ப, மோட்டார் போடாததால் மாடித் தொட்டி காய்ந்துபோன கதை. குறைந்த எரிபொருள் எச்சரிக்கை ஐந்து முறை வந்தது, ஐந்து முறையும் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது, இறங்கவில்லை. ஹெலிகாப்டரில் மூவர், விடுதியில் எழுவர் என்று பத்துப் பேர் மாண்டனர். அந்த சுவிட்சுகள் ஏன் அணைந்தே கிடந்தன என்பதற்கு பிரிட்டனின் வான் விபத்துப் புலனாய்வுப் பிரிவால் விடை சொல்ல முடியவில்லை.

இதுவரை சொன்னவற்றில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்த்தும், கணக்குப் போட்டும், எல்லாம் சரியென்று வந்தும் விழுந்த ஹெலிகாப்டர் ஒன்று உண்டு.

2008 ஆகஸ்ட் 5. வடக்குக் கலிபோர்னியாவின் மலைக்காட்டுத் தீயில் போராடிய வீரர்களை இரவு தங்கலுக்கு இறக்கிக்கொண்டுவரும் வேலை. சிகோர்ஸ்கி எஸ்-61, பெரிய ஹெலிகாப்டர். சுமார் 6,000 அடி உயரத்தில், மரங்களுக்கு நடுவே வெட்டிய ஒரு சிறு வெளியிலிருந்து எழும்ப வேண்டும். உயரம் கூடினால் காற்று மெலியும், வெயில் ஏறினால் இன்னும் மெலியும். மெலிந்த காற்றில் ரோட்டருக்குப் பிடிப்பு குறைவு, எஞ்சினுக்கும் வலு குறைவு. அதனால் இங்கே பறப்புக்கு முந்தைய சோதனை என்பது நட்டைப் பார்ப்பதோடு முடிவதில்லை. காகிதத்தில் கணக்கும் போட வேண்டும். வெற்று ஹெலிகாப்டரின் எடை, எரிபொருள், ஆட்கள், அன்றைய வெப்பம், அந்த உயரத்தில் எஞ்சின் தரும் வலு. விமானிகள் போட்டார்கள். தூக்கும் என்று வந்தது. அன்றே அதே வெளியிலிருந்து முன்பு இரண்டு நடை போய்வந்தும் இருந்தது. எரிபொருள் நிரப்பிக்கொண்டு வந்த பிறகு மூன்றாம் முறை எழும்பியபோது ரோட்டரின் சுற்று குறைந்து, மரங்களில் மோதி விழுந்தது. பதின்மூவரில் ஒன்பது பேர் இறந்தனர்; அவர்களில் ஏழு பேர் தீயணைப்பு வீரர்கள்.

விமானிகளின் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட எண்களே பொய். வனத்துறை ஒப்பந்தம் பெறுவதற்காக ஹெலிகாப்டரின் வெற்று எடையை இயக்கிய நிறுவனம் வேண்டுமென்றே குறைத்துக் காட்டியிருந்தது, எஞ்சின் வலுவுக்கான வரைபடத்தையும் திருத்தியிருந்தது என்று பாதுகாப்பு வாரியம் கண்டது. மேற்பார்க்க வேண்டிய அரசு அமைப்புகளும் அதைக் கவனிக்கவில்லை. நிறுவனத்தின் அன்றைய துணைத் தலைவருக்கு 2015இல் 12 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத் தண்டனை கிடைத்தது. ஹெலிகாப்டர் விபத்து வழக்குகளில் இப்படி நடப்பது அபூர்வம். காட்டர் பின்னை மறந்தவர் தூக்கக் கலக்கத்தில் மறந்தார். இது மறதி அல்ல. பைலட் எவ்வளவு கண்ணும் கருத்துமாக இருந்தாலும், கையில் தரப்பட்ட காகிதத்தைச் சந்தேகிப்பது அவருக்கு எளிதல்ல. ‘யாரோ பார்த்திருப்பார்’ என்ற நம்பிக்கை சோம்பேறித்தனத்தின் பெயர் மட்டுமல்ல. அது இல்லாமல் எந்த ஹெலிகாப்டரும் கிளம்ப முடியாது என்பதே சங்கடம்.

நியூயார்க்கில் 2018 மார்ச் 11 அன்று கிழக்கு ஆற்றில் இறங்கிய ஹெலிகாப்டரில் சரிபார்க்கப்படாதது பயணிகளைக் கட்டிய பட்டை. கதவைக் கழற்றிவிட்டு, காலை வெளியே தொங்கவிட்டுப் படம் எடுக்கும் பறப்பு அது. தவறி விழாமல் இருக்க முதுகுப் பக்கம் பட்டையால் ஹெலிகாப்டரோடு கட்டியிருந்தார்கள். முன்னால் இருந்த பயணியின் பட்டை, தரையில் இருந்த எரிபொருள் அடைப்பு நெம்புகோலில் சிக்கி அதை இழுத்துவிட்டது. எஞ்சின் நின்றது. மிதவைகள் சரியாக விரியாமல் ஹெலிகாப்டர் நீரில் தலைகுப்புறக் கவிழ்ந்தது. பைலட் வெளியே வந்துவிட்டார். ஐந்து பயணிகளும் கட்டை அவிழ்க்க முடியாமல் மூழ்கினார்கள். பட்டையை அறுக்கக் கத்தி கொடுத்திருந்தார்கள். தலைகீழாக, குளிர்ந்த இருட்டு நீரில், முதுகுக்குப் பின்னால் இருக்கும் பட்டையைக் கத்தியால் ஒருவர் அறுத்துவிடுவாரா என்பதைக் கிளம்பும் முன் யாராவது ஒருமுறை கரையில் செய்து பார்த்திருக்கலாம்.

அமெரிக்க ஹெலிகாப்டர் பாதுகாப்புக் குழு இப்போது சோதனையை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறது. பறப்புக்கு முந்தைய முழுச் சோதனை ஒன்று. அது முடிந்து, ஆட்கள் ஏறி, சாமான் ஏற்றி, எரிபொருள் நிரப்பிய பிறகு, எஞ்சினைக் கிளப்புவதற்குச் சற்று முன் வேறெதையும் நினைக்காமல் ஒரு கடைசிச் சுற்று. இந்த இடைவெளியில்தான் எரிபொருள் மூடி திறந்தே கிடப்பதும், தாழ்ப்பாள் போடாத கதவும், வெளியே தொங்கும் பெல்ட்டும் நிகழ்கின்றன. மூன்றாவது, திரும்பி இறங்கிய பிறகு ஒரு சோதனை. இதுதான் மிகவும் குறைத்து மதிப்பிடப்படுவது. வீட்டுக்குப் போகிற அவசரம். ஆனால் அப்போதுதான் ஹெலிகாப்டர் தன் நோயை வெளிப்படையாகச் சொல்கிறது. புதிதாகக் கசிந்த எண்ணெய் இன்னும் துடைக்கப்படவில்லை. சூடேறிய பேரிங் இன்னும் ஆறவில்லை. பழுதைச் சரிசெய்ய ஓர் இரவும் கையில் இருக்கிறது. மறுநாள் காலை பயணிகள் வரிசையில் நிற்கும்போது அதே பழுதைக் கண்டுபிடிப்பதற்கு இன்னும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

எந்தச் சுற்றாலும் எட்ட முடியாத இடங்களும் இருக்கின்றன. 2009 ஏப்ரல் 1 அன்று வட கடலில் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களோடு விழுந்து 16 பேரைக் கொன்ற சூப்பர் பூமா ஹெலிகாப்டரில், விபத்துக்கு ஒரு வாரம் முன், மார்ச் 25 அன்று, கியர்பாக்ஸின் காந்தத்தில் ஓர் உலோகத் துணுக்கு ஒட்டியிருந்தது. உள்ளே ஏதோ உடைகிறது என்பதற்கான செய்தி அது. பார்த்தார்கள், எடுத்தார்கள், தயாரிப்பாளரோடு தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் பேசினார்கள். ஆனால் பேச்சில் ஒருவர் சொன்னதை மற்றவர் வேறாகப் புரிந்துகொண்டதில், அந்தத் துணுக்கு உடைந்துகொண்டிருந்த பற்சக்கரத்துடையது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அதற்குப் பிறகு காந்தம் எதையும் காட்டவில்லை. ஒரு வாரம் கழித்து கியர்பாக்ஸ் சிதறியது.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலோ அந்த ஒரு துணுக்குகூடக் கிடைக்கவில்லை. 2018 அக்டோபர் 27 இரவு, கால்பந்து ஆட்டம் முடிந்து மைதானத்தின் நடுவிலிருந்து எழும்பிய ஏ.டபிள்யூ.169 ஹெலிகாப்டர் சில நொடிகளில் பம்பரம்போலச் சுழன்று விழுந்தது. அந்த ஊர்க் கால்பந்து கிளப்பின் உரிமையாளரான தாய்லாந்துத் தொழிலதிபர் விச்சை ஸ்ரீவத்தனபிரபா உட்பட ஐவர் இறந்தனர். வால் ரோட்டரின் பேரிங் ஒன்று உள்ளுக்குள் தேய்ந்து இறுகிவிட்டது. சுற்றாமல் நிற்கவேண்டிய கட்டுப்பாட்டுத் தண்டை அது தன்னோடு சுற்றவைத்தது. அதன் முனையில் இருந்த நட்டும் உராய்வில் சூடாகி, இணைப்பு துண்டித்துப்போனது. ஐந்தாண்டு ஆய்வுக்குப் பின் பிரிட்டன் புலனாய்வுப் பிரிவு வெளியிட்ட அறிக்கை பைலட்டையும் குறை சொல்லவில்லை, மெக்கானிக்கையும் குறை சொல்லவில்லை. அந்த பேரிங் உள்ளுக்குள் தேய்வது வழக்கமான சுற்றில் கண்ணில் படாது. பார்வைக்கு வழியே வைக்காமல் செய்த இடம் அது.

விபத்து நடந்த சில வாரங்களுக்குள் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை ஓர் அவசர ஆணை அனுப்பியது. அதே ரகத்திலும் அதன் அண்ணனான ஏ.டபிள்யூ.189 ரகத்திலும், உலகில் எங்கே இருந்தாலும், வால் பகுதியைத் திறந்து அந்த பேரிங்கையும் நட்டையும் பார்க்கச் சொன்னது. பார்த்து, இறுக்கத்தை அளந்து, மீண்டும் மூடுவதற்கு முன் மெக்கானிக்குகள் தூரிகையை எடுத்து நட்டின் மேலும் தண்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு போட்டார்கள்.